விருத்தாசலத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி

நான் பல் செய்கிறவன். மலேசியாவின் ஈப்போவில் மூன்று பல் மருத்துவர்களுக்குப் பீங்கான் பல் செய்து கொடுக்கும் சின்னக் கூடம் என்னுடையது. இந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு என் மைத்துனர் என்னை விருத்தாசலத்துக்கு அனுப்பிவைத்தார். அவருக்குப் பூசைச் சாமான் கடை. தீபாவளிக்குப் பீங்கான் அகல் விளக்கு தருவிப்பதாகத் திட்டம். "நீங்களும் பீங்கான்தானே மச்சான், போய் ஒரு பார்வை பார்த்துட்டு வாங்க" என்றார். பல்லுக்கும் விளக்குக்கும் உள்ள தூரத்தை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. தவிர, எனக்கு வேறொரு கள்ள ஆசை இருந்தது.

சிவப்புக்கும் கொஞ்சம் அப்பால் பார்க்கக்கூடிய கறுப்பு வெள்ளை பிலிம் ஒன்று உண்டு. அதைக் கேமராவில் போட்டு, லென்சின் முன்னால் கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருக்கும் ஒரு கண்ணாடியை மாட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமெல்லாம் அந்தக் கண்ணாடியோடு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு மட்டும் உள்ளே போய்ப் பிலிமில் விழும். பச்சை இலை பாலாய் வெளுக்கும், நீல வானம் கறுத்துப்போகும். நடுப்பகலில் எடுத்த படம் நிலவொளியில் எடுத்ததாகத் தோன்றும். "கண்ணுக்குத் தெரியறதையே நீங்க ஒழுங்கா எடுத்ததில்ல" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

இந்த விளையாட்டுக்கு முக்கியமாக வேண்டியது வெயில். எங்கள் ஊரில் மதியம் ஆனால் மலைப்பக்கமிருந்து மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். விருத்தாசலத்தில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை என்று கேள்விப்பட்டதுமே நான் மூன்று ரோல் பிலிமைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஊரில் எல்லோரும் டிஜிட்டல் கேமராவுக்கு மாறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. மூன்று ரோல் கிடைத்ததே பெரிய காரியம். பிலிமை இருட்டில் கையாள்வதற்கான கறுப்புப் பையை மட்டும் மேசை மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது ரயிலில் வரும்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஜங்ஷனில் இறங்கியபோது காலை ஆறரை. எதிரே இருந்த ஓட்டலில் உட்காருவதற்குள் இலையில் நான்கு இட்லி விழுந்தது. எங்கள் ஊரில் ஒரு தோசை சொன்னால் அது வருவதற்குள் பேப்பரை விளம்பரம்வரை படித்து முடிக்கலாம். பரிமாறியவர் என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெளியூருங்களா? சாம்பார நல்லா ஊத்திக்குங்க சார். அலைஞ்சா பசிக்கும்" என்று கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார். அந்த ஒரு கரண்டியிலேயே எனக்கு ஊர் பிடித்துப்போயிற்று.

விளக்கு செய்யும் கம்பெனி என்று மைத்துனர் சொன்னது ஒரு நீளமான தகரக் கொட்டகை. ஒரு பக்கம் இரண்டு சூளைகள், வெளியே ஒரு வேப்பமரம், ஒரு தண்ணீர்க் குழாய். முதலாளி கை குலுக்கிய கையோடு போனைக் காதில் வைத்தார். "எதுவா இருந்தாலும் மேஸ்திரியக் கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. மேஸ்திரி முருகேசன் சூளைக்குப் பொறுப்பானவர். ஐம்பது வயதிருக்கும். புருவம் கருகிப் பாதிதான் மிச்சம்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள். கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றுவதும், காய்ந்ததை எடுத்து விளிம்பு சீவுவதுமாக இருந்தார்கள். விருத்தாசலம் பீங்கான் மண் வெள்ளை மண். முழங்கைவரைக்கும், கன்னத்திலும், நெற்றியில் விழுந்த முடியிலும், எல்லோர்மேலும் ஒரே வெள்ளை. யார் யாரென்று முதலில் அடையாளமே தெரியவில்லை. குரலை வைத்துத்தான் பிரித்துக்கொண்டேன். அதில் உரத்த குரல் அஞ்சலையுடையது.

"சார் வெளிநாட்டுல பல்லு செய்யறாராம்" என்று முருகேசன் அறிமுகப்படுத்தினார்.

"அப்ப எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு செட்டு சுட்டுக் குடுத்துட்டுப் போங்க சார்" என்றாள் அஞ்சலை. "மண்ணு இருக்குது, சூளை இருக்குது. கடிச்சிப் பாக்கறதுக்கு மேஸ்திரி இருக்கறாரு."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. முருகேசனும் சிரித்தார். அவருக்கு முன்பற்கள் இரண்டு இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு நான் வெளியே கிளம்பியபோது அஞ்சலை விடவில்லை. கோணலாகப் போனதால் விற்காமல் ஒதுக்கிய ஒரு பீங்கான் கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். என் வீட்டில் கருவாட்டுக்கு அனுமதி இல்லை. பல வருட ஏக்கத்தோடு சாப்பிட்டேன். கேட்டு வாங்கி இரண்டாம் தடவையும் சாப்பிட்டேன்.

விளக்குகள் நன்றாகவே இருந்தன. பார்க்க வேண்டியதை அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு, வேப்பமரத்தடியில் கேமராவின் முக்காலியை நிறுத்தினேன். முருகேசன் வந்து கறுப்புக் கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் தெரியலியே சார்."

"வெயிலைப் பார்த்துப் பிடித்தால் கொஞ்சம் சிவப்பாகத் தெரியும்" என்றேன்.

அவர் வெயிலிடம் போகவில்லை, சூளையிடம் போனார். எரிந்துகொண்டிருந்த சூளையின் சுவரில் உள்ளே பார்ப்பதற்கென்று ஒரு ஓட்டை உண்டு. வழக்கமாக ஒரு கருநீலக் கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டுதான் அதில் பார்ப்பார். இப்போது என்னுடையதைக் கண்ணருகே பிடித்து ஓட்டையில் ஒரு நொடி பார்த்துவிட்டுச் சட்டென்று விலகினார். இமையைத் தடவிக்கொண்டார்.

"இது வெளிச்சத்த நிறுத்திட்டு சூட்ட மட்டும் உள்ள வுடுது சார். எமை மேல சுள்ளுன்னு படுது."

நான் அகச்சிவப்பைப் புரிந்துகொள்ள இரண்டு புத்தகம் படித்தேன். இவருக்கு ஓர் இமை போதுமாக இருந்தது. மேலும் சொன்னார். "செங்கல்லு செவக்கறதுக்கு முன்னாடியே சூடு வந்துடும். நம்ம கண்ணுக்குத் தெரியலன்னு கைய வச்சா போச்சி. அந்தத் தெரியாத சூட்டப் புடிக்கிறீங்க, அதானே?" அதேதான் என்றேன். என் பொழுதுபோக்கை இவ்வளவு மரியாதையாக யாரும் அதுவரை சொன்னதில்லை.

பெண்கள் தங்களை ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். "எடுக்கறதுன்னா இப்பவே எடுத்துடுங்க சார், இப்பிடியே" என்று முன்னால் வந்து நின்றாள் அஞ்சலை. மற்றவர்கள் அவள்மேல் பாய்ந்தார்கள். "போக்கா, இந்த மண்ணோடவா? நாளைக்குக் குளிச்சிட்டு நல்ல பொடவ கட்டிக்கிட்டு வரோம்." எனக்கும் மண்ணோடு எடுக்கத்தான் ஆசை. ஆனால் அதற்குள் பொழுது சாய்ந்து வெயில் மங்கிவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டால் இந்த வெளிச்சம் போதாது. நாளைக்கே வைத்துக்கொள்வோம் என்றேன். அஞ்சலை சட்டென்று அச்சுக்குத் திரும்பிப் போனாள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பக்கத்திலிருக்கும் பெண்ணாடம் போனேன். விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயில் கோபுரத்தை விடிந்ததும் எடுத்தாகிவிட்டது. கரும்புத் தோட்டத்தை எடுக்க வேண்டும், அவ்வளவு பச்சையும் படத்தில் வெளுத்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பில் முக்காலியை விரித்து, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். நிமிர்ந்தபோது எதிரே ஒரு விவசாயி கையில் அரிவாளோடு நின்றார்.

"என்னா சார், ரோடு வருதா?"

அளக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. "போன வருசமும் இப்பிடித்தான் மூணு கால வச்சிக்கிட்டு ஒருத்தரு வந்தாரு. சும்மா பாக்கறேன்னாரு. அப்பறம் கல்லு நட்டுட்டாங்க." சந்தேகம் தீர அவரையே கேமராவில் பார்க்கச் சொன்னேன். கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தது. குனிந்து ஒரு கண், பிறகு மறு கண் என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரே இருட்டா இருக்குது. இத வச்சிக்கிட்டு நீங்க எங்கேருந்து அளக்கப்போறீங்க" என்று என்மேல் இரக்கப்பட்டு ஒரு கரும்பை வெட்டித் தந்தார். கணுவை எப்படிக் கடிப்பது என்று பல் செய்கிறவனுக்குச் சொல்லியும் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஆலைக்குப் போன டிராக்டர் ஒன்று பாரம் தாங்காமல் சாலையின் குறுக்கே கரும்பைக் கொட்டிவிட்டது. இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. கண்டக்டர் முதலில் இறங்கினார், பின்னாலேயே எல்லோரும் இறங்கினோம். கரும்பை ஓரமாக இழுத்துப்போட்டுவிட்டு, ஆளுக்கொரு துண்டு கடித்துக்கொண்டு மறுபடி ஏறினோம். கம்பெனிக்கு வந்து சேர மணி நாலாகிவிட்டது.

பெண்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். குழாயடியில் மண்ணைக் கழுவி, பை நிறையக் கொண்டுவந்திருந்த நல்ல புடவைகளை மாற்றி, பூ வைத்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். நேற்றுப் பார்த்த ஒருவரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அஞ்சலையின் குரல் மட்டும் கேட்கவில்லை. "அக்கா பின்னால வேலையா இருக்குது, அது வராது" என்றார்கள். நேற்று எடுக்காததற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் கொஞ்சம் எரிச்சல்தான்.

அப்போது ஒரு பெண் என்னிடம் வந்தாள். விளக்குகளுக்குக் காகிதம் சுற்றும் கலா. அஞ்சலையின் மகள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. "சார், எனக்கு வர்ற மாசம் கல்யாணம். பெண்ணாடத்துக்குப் போறேன். எங்க வூட்டுல எங்க அம்மா போட்டோ ஒண்ணுகூட இல்ல. கூப்புட்டா வராது. நீங்க சொல்லி எப்பிடியாவது ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றாள்.

எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அது சுலபம் என்று நினைத்தேன்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் பிலிமை நகர்த்தும் விசையை இழுத்தேன். அது வரவில்லை. வராவிட்டால் நிறுத்தியிருக்க வேண்டும். என் சுபாவம் தெரியுமே, இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். உள்ளே படக்கென்று ஒரு சத்தம். பிலிம் கிழிந்துவிட்டது.

கோபுரம், கரும்பு, வரப்பில் நின்ற விவசாயி எல்லாம் அந்தப் பிலிமில் இருந்தது. வெளிச்சத்தில் கேமராவைத் திறந்தால் அத்தனையும் போய்விடும். திறக்காவிட்டால் வேறு பிலிம் போட முடியாது, யாரையும் எடுக்கவும் முடியாது. பொட்டு வெளிச்சம் இல்லாத இருட்டு வேண்டும் என்று முருகேசனிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"சின்ன சூளை முந்தாநாளு சரக்கு எறக்கினது. உள்ள போய் ஒக்காருங்க. நான் வாசல அடைக்கிறேன்."

வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு யோசனை சொன்னால் நான் ஓடியிருப்பேன். இங்கே முருகேசன் சொன்னதும் குனிந்து உள்ளே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். அவர் சூளையைச் சுடுவதற்கு அடைப்பது போலவே செங்கல்லை வரிசையாக அடுக்கி, சந்துகளில் ஈரமண்ணை அப்பினார். கடைசிக் கல்லை வைப்பதற்கு முன் முகத்தைக் காட்டி, "பயப்படாதீங்க சார், பத்த வைக்க மாட்டேன்" என்றார். பிறகு வெளியே கோணியை நனைத்துப் போட்டார்கள். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றாக இருந்தது. கல்லில் இன்னும் சூடு மிச்சமிருந்தது. வெந்நீர் வைத்த அடுப்பங்கரைக்குள் உட்கார்ந்தது போல இதமாக இருந்தது.

கேமராவைத் திறந்து, விரலால் தடவித் தடவிக் கிழிந்த பிலிமை எடுத்துச் சுருட்டினேன். அப்போது கல்லுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது. நான் உள்ளே இருப்பதை அவர்கள் மறந்திருக்க வேண்டும், அல்லது சூளைக்குள் சத்தம் வராது என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணுதானம்மா கேக்கறேன்." இது கலா.

"நேத்தே மண்ணோட எடுங்கன்னு சொன்னேன். அவுரு எடுக்கல. இப்ப எல்லாரும் கழுவியாச்சி."

"கழுவினா என்னாம்மா."

"கழுவினா அவுங்களுது போயிடுது. என்னுது போவுதா?"

குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"மாப்ள வூட்டுல உன்னப் பாத்துட்டுத்தான பேசி முடிச்சாங்க" என்றாள் கலா.

"நேர்ல பாக்கறது வேற. நேர்ல நான் பேசிக்கிட்டே இருப்பேன். அவுங்களும் பேச்சக் கேட்டுக்கிட்டு என்னப் பாக்க மறந்துடுவாங்க. போட்டோவுல பேச முடியுமாடி? சும்மா நிக்கணும். வரவங்க போறவங்கல்லாம் நின்னு நிதானமாப் பாப்பாங்க. அப்பறம் உன்னப் பாப்பாங்க, உனக்கும் வருமான்னு."

எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் வெட்கமாக இருந்தது. கோபித்துக்கொண்டு போனாள் என்றல்லவா நினைத்தேன்.

பிலிமை டப்பாவில் போட்டு ஒட்டி, புது ரோலை மாட்டி முடித்ததும் கல்லைத் தட்டினேன். முருகேசன் வாசலைப் பிரித்தார். வெளிச்சத்தில் கண் கூசியது. முதலில் தெரிந்தது குழாயடியில் நின்ற அஞ்சலைதான். அவளும் கழுவியிருந்தாள். விரல்களில், மணிக்கட்டில், வாயைச் சுற்றி, ஒரு கண்ணின் ஓரத்தில் வெண்புள்ளிகள். நேற்று முழுதும் என் பக்கத்தில் இருந்தவள், எனக்குச் சோறு போட்டவள். மண்ணின் வெள்ளையில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"நேத்து என் கொழம்பத்தான் சாப்புட்டீங்க" என்றாள். குரலில் நேற்றைய உரப்பு இல்லை. "தெரிஞ்சிருந்தா சாப்ட்டிருப்பீங்களோ என்னவோ."

வாயில் வந்ததைச் சொன்னேன். "நாளைக்கும் கொண்டுவாங்க. நாளைக்குச் சாயந்தரம்தான் எனக்கு ரயில்."

வெயில் போதாததால் படத்தை மறுநாள் மதியத்துக்குத் தள்ளிவைத்தோம். அன்று மாலை தள்ளுவண்டியில் கம்பங்கூழ் குடித்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தேன். என் இடது கையில் ஒரு சூட்டுத் தழும்பு இருக்கிறது. பல் சுடும் அடுப்பில் பட்டது, கருத்துப்போய்க் கிடக்கிறது. ஒருமுறை கறுப்புக் கண்ணாடி போட்டு என்னையே எடுத்த படத்தில் அந்தத் தழும்பைத் தேடினேன், காணவில்லை. தோலின் கறுப்பையும் வெளுப்பையும் அந்தக் கண்ணாடி பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் வெண்புள்ளிக்கும் அது பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை வாக்காகக் கொடுத்துவிட்டால், ஏமாறப்போவது நானல்ல.

மறுநாள் மதியம் அஞ்சலை குழம்பு கொண்டுவந்திருந்தாள். இன்று மொச்சைக்கொட்டை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, தழும்பைக் காட்டி இதை அவளிடம் அப்படியே சொன்னேன். மறையலாம், மறையாமலும் போகலாம். எப்படி வந்தாலும் படம் முதலில் அவள் கைக்குத்தான் வரும்.

"மறைச்சிக் குடுக்கறீங்களா சார்?" என்றாள். கேட்ட விதத்தில் சந்தோஷம் இல்லை. மறைப்பது இல்லை, அது வேறு மாதிரிப் பார்ப்பது என்று ஏதோ உளறினேன். முருகேசன்தான் குறுக்கே வந்தார்.

"அது மறைக்கிற கண்ணாடி இல்ல அஞ்சல. நான் கண்ணுல வச்சிப் பாத்தேன். அது வெளிச்சத்தப் பாக்காது, சூட்டத்தான் பாக்கும். ஆளுக்கு ஆளு சூடு ஒண்ணுதானே?"

அறிவியலாகப் பார்த்தால் இது தப்பு. இந்தப் பிலிமுக்கு உடம்புச் சூடு தெரியாது, வெயிலில் இருக்கும் அகச்சிவப்பு தோலில் பட்டுத் திரும்புவதுதான் தெரியும். திருத்துவதற்கு வாயெடுத்தேன். அஞ்சலையின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த சில நல்ல காரியங்களில் அது ஒன்று.

"எம்மாம் நேரம் பேசாம நிக்கணும்?" என்று கேட்டாள்.

"இரண்டு எண்ணும்வரை. அசைந்தால் கலைந்துவிடும்."

"ரெண்டு எண்ற வரைக்குமா. அது முடியும்" என்றாள். பிறகு குழாயடிக்குப் போய், எல்லோருக்கும் முன்னால், முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள்.

உச்சி வெயில். வேப்பமரத்தடியில் எல்லோரும் நின்றார்கள். நடுவில் அஞ்சலை, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கலா, ஓரத்தில் புதுக் கறுப்புச் சட்டையோடு முருகேசன். கேமராவில் பார்த்து எல்லாம் சரிசெய்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டினேன். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது, நம்பிக்கைதான். அச்சில் வார்க்கிறவர்கள் அல்லவா, வார்த்துவைத்த பொம்மையாகவே நின்றார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஒரு கண்கூட இமைக்கவில்லை. நான்கு படம் எடுத்தேன்.

கண்ணாடியைக் கழற்றியபோது கலா சொன்னாள். "சார், அது இல்லாம ஒண்ணு. நானும் அம்மாவும் மட்டும்."

எல்லோரும் அஞ்சலையைப் பார்த்தார்கள். அவள் மகளைப் பார்த்தாள். மகள் கண்ணை எடுக்கவில்லை. "இவ ஒருத்தி. நாளைக்கு மாமியாருகிட்டயும் இப்பிடித்தான் புடிச்ச புடியா நிப்பா, அப்ப தெரியும்" என்று அவள் சொல்லத் தொடங்கியபோதே நான் அழுத்திவிட்டேன். கறுப்புக் கண்ணாடி இல்லாவிட்டால் எண்ணத் தேவையில்லை, கண் சிமிட்டும் நேரம் போதும்.

சாயங்காலம் ரயிலடிக்கு முருகேசன் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். கோணல் கிண்ணத்தைக் காகிதம் சுற்றிக் கலா கொடுத்தனுப்பியிருந்தாள். இன்று அதில்தான் நான் சாப்பிடுகிறேன். மூன்று நாளில் எனக்குச் சாம்பார் ஊற்றியவரையும் கரும்பு வெட்டித் தந்தவரையும் சூளைக்குள் வைத்து அடைத்தவரையும் நினைத்துக்கொண்டே வந்தேன். எங்கேயும் என்னை ஒருவரும் தெரியாதவனாக நடத்தவில்லை. நன்றி என்ற சொல்லை நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை என்பது சென்னை நெருங்கும்போதுதான் உறைத்தது.

ஈப்போவில் வந்து பிலிமைக் கழுவினேன். சூளையில் காப்பாற்றிய கரும்பும் கோபுரமும் நன்றாகவே வந்திருந்தன, அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினேன். தட்டில் மருந்துத் தண்ணீருக்குள் குரூப் படம் மெல்ல எழுந்து வந்தது. வேப்பிலை வெள்ளை. வானம் கறுப்பு. முருகேசனின் கறுப்புச் சட்டை வெள்ளைச் சட்டையாகிவிட்டிருந்தது, பாவம். முகங்கள் எல்லாமே சுட்டெடுத்த பீங்கானாய் வெளுத்திருந்தன. பூதக்கண்ணாடி வைத்து அஞ்சலையின் முகத்தில் தேடினேன். வாயோரம் ஒரு மெல்லிய கோடு மட்டும், அதுவும் தெரிந்து தேடுகிறவனுக்குத்தான். எனக்கு ஒரே பெருமை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இந்த ஒரு தடவை கிண்டல் செய்யவில்லை.

குரூப் படத்தையும் தாயும் மகளுமாக எடுத்ததையும் அஞ்சலையின் பெயருக்கு அனுப்பிவைத்தேன். விளக்குகள் நல்லபடியாக வந்து சேர்ந்தன. படத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் வரவில்லை. தப்புச் செய்துவிட்டோமோ என்று தினமும் ஒருமுறை தோன்றிக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து முருகேசனின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது கலா. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்திருக்கிறாளாம். "போட்டோவ பெண்ணாடத்துல எங்க வூட்டுக் கூடத்துல மாட்டியாச்சி சார்" என்றாள். எந்தப் படம் என்று கேட்டேன். "கண்ணாடி இல்லாம எடுத்தது. அதுல அம்மா பேசறாங்க சார். வாயத் தொறந்து என்னத் திட்டிக்கிட்டு இருக்கறாங்க. வரவங்கல்லாம் என்னா சொல்றாங்க உங்கம்மான்னுதான் கேக்கறாங்க."

நான் அவ்வளவு பெருமைப்பட்ட படத்தை அவள் கொண்டுபோகவில்லை. ஏனோ எனக்கு அதில் வருத்தமே வரவில்லை.

போன் கை மாறியது. பின்னால் அச்சு தட்டும் சத்தமும் பெண்களின் சிரிப்பும் கேட்டது.

"இன்னொண்ணு எங்கங்க?" என்றேன்.

"இங்கதான் சார், கொட்டாயில குழாயண்ட மாட்டி வச்சிருக்குது" என்றாள் அஞ்சலை. அதே உரத்த குரல். "நீங்க என்னமோ என்னுது மறையும்னு சொன்னீங்க. எங்க மறைஞ்சிது? இதுல எல்லாருக்கும் என் கலருதான் சார் வந்திருக்குது. மேஸ்திரிக்குக்கூட. தெனம் சாயங்காலம் கழுவறப்ப அதக் காட்டித்தான் சொல்லிக்கிட்டு இருக்கறேன், நல்லாத் தேய்ங்கடி, உங்களுதும் இனிமே போவாதுன்னு."